பின்னால் வரும் வண்டி

"அக்கா, இன்னிக்கும் வர்றான்."

ஜாஸ்மின் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். காரை ஓட்டிக்கொண்டிருந்த மலர்விழி கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

இருவரும் பொம்மிடிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ்கள். வேலை முடிந்து மலர்விழியின் காரில் அரூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது.

"அவனேதானா?"

"அவனேதாங்க்கா. ஆஸ்பத்திரிக்கு எதிர்க்க டீக்கடையில பைக்கோட நின்னான். நாம கிளம்பினதும் கிளம்பிட்டான். நாலு நாளா இதே வேலை."

பத்து நாளைக்கு முன், அரூர் சந்தை அருகே குறுக்கே ஓடிய ஆட்டுக்காக மலர்விழி பிரேக் போட்டாள். பின்னால் வந்த லோடு ஆட்டோ சட்டென்று நின்றதில், அதிலிருந்த தக்காளிக் கூடைகள் ரோட்டில் சரிந்தன.

"உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?" என்று கத்திக்கொண்டே இறங்கினான் டிரைவர் பச்சியப்பன். கையில் வீல் ஸ்பேனர். காரின் பின்விளக்குகள் இரண்டையும் அடித்து நொறுக்கிவிட்டுத்தான் ஓய்ந்தான்.

மலர்விழி புகார் கொடுத்தாள். அவன் கைதானான். குற்றம் நிரூபணமானால் இரண்டு வருடம் வரை சிறை என்றார்கள். மூன்றாம் நாள் ஜாமீனில் வந்துவிட்டான். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். புகார் கொடுத்தவர் பக்கமே போகக் கூடாது என்று நிபந்தனை.

அதிகாரி வந்து பார்வையிடும்வரை காரில் எதையும் மாற்ற வேண்டாம் என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். யாரும் வரவில்லை. மலர்விழியும் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"வேகமாப் போங்க்கா!"

வேகமாகப் போனாள். பைக்கும் வேகமெடுத்தது. மெதுவாகப் போனாள். அதுவும் மெதுவானது.

"முந்திக்கிட்டும் போக மாட்டேங்கிறான். அவனுக்குப் பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே சாவுறான், அவனுக்கும் வழி விட மாட்டேங்கிறான்."

"கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி மிரட்டுறான்டி."

"ஊசி போடுறப்ப ஊரையே மிரட்டுவீங்க. இப்ப நீங்களே இப்படிப் பயப்படுறீங்க!"

"சும்மா இரு ஜாஸ்மின். வூட்டுல ரெண்டு புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு."

இருபுறமும் கரும்புக் காடு. ஆள் நடமாட்டமே இல்லை. மலர்விழி தீர்மானித்துவிட்டாள். இன்று இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும்.

அரூர் எல்லைக்குள் நுழைந்ததும் காரை நேராக ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். உள்ளே ஓடினாள்.

"சார், அந்தப் பச்சியப்பன் என்னைத் துரத்திக்கிட்டு வர்றான்!"

ஏட்டு குப்புராஜ் வெளியே பாய்ந்தார். பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்த பச்சியப்பனின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார்.

"ஏன்டா, ஜாமீன்ல வந்தவன் செய்யற வேலையாடா இது? நாளைக்கே ரத்து பண்ணி உள்ள தள்ளிடுவேன், தெரியுமில்ல?"

"தெரியுங்க சார்."

"தெரிஞ்சேதான் பண்றியா? நாலு நாளா எதுக்குடா இந்தம்மா பின்னாடியே போற?"

பச்சியப்பன் மலர்விழியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கையெழுத்துப் போட வந்தப்ப இவங்க காரைப் பார்த்தேங்க சார். பின்னாடி லைட்டு இன்னும் மாத்தல. அந்த ரோட்டுல பூரா கரும்பு லாரிங்க. இருட்டுல இவங்க பிரேக் போட்டா எவனுக்கும் தெரியாதுங்க..."

வாசலில் நின்ற காரைக் கை காட்டினான்.

"அதான், என் பைக்கோட சிவப்பு லைட்டாவது தெரியட்டும்னு பின்னாடியே போனேங்க சார்."