சாட்சிக்கு வந்த ஸ்கர்ட்

"இதைப் பாருங்க டாக்டர். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பைக்குள்ளிருந்து பள்ளிக்கூட ஸ்கர்ட்டை உருவி டாக்டரின் மேசைமேல் போட்டாள் அம்மா. இடுப்புப் பட்டியின் உள்பக்கம் ஒரு சின்னத் துணிச்சீட்டு. அதில் சிவப்பு நூலால் 30 என்று தைத்திருந்தது.

டாக்டரம்மா ஸ்கர்ட்டைப் பார்க்கவில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரர் தச்சது. வளர்ற பிள்ளைன்னு உள்ளே தாராளமா துணி விட்டுத்தான் தச்சார். ரெண்டு வருஷமாச்சு, அதைத் தொடவே வேண்டி வரலை. உடம்பு போட்டிருந்தா இது இவளுக்குப் பத்துமா? உங்க லேப்ல யார் ரத்தத்தையோ மாத்திட்டாங்க."

"ரெண்டு தடவை எடுத்தாச்சும்மா. ரெண்டுலயும் சர்க்கரை இருக்கு. பதினாறு வயசுக்கு இது ரொம்ப அதிகம்."

பக்கத்து நாற்காலியில் பாப்பு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் தொளதொளத்த சட்டையைப் போட்டிருந்தாள். வீட்டில் எப்போதும் அதுதான். தையற்கடையிலிருந்து பாதி வேலையில் எழுந்து வந்த அப்பா, கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றார்.

"குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

"இவரோட அக்காவுக்கு இருக்கு. கால்ல ரெண்டு விரலை எடுத்தாச்சு. ஆனா அவங்க வயசு என்ன, இவ வயசு என்ன!"

"பாப்பு எப்ப தூங்குவா?"

"அவ போன் எப்ப தூங்குதோ அப்ப."

"நடக்கறது, ஓடறது, விளையாடறது?"

"வாசல்ல பஸ் ஏறினா பள்ளிக்கூட வாசல்ல இறங்குவா. விளையாட்டு பீரியட்ல கணக்குப் பாடம் நடத்தறாங்க. நல்லதுதானே?"

"நொறுக்குத் தீனி?"

அம்மா கொஞ்சம் தயங்கினாள். அவளுக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. சனிக்கிழமை தோறும் ஒரு பை வீட்டுக்கு வரும். "உடைஞ்ச பிஸ்கட்தான் டாக்டர்" என்றாள், உடைந்தால் இனிப்பு ஒழுகிப் போய்விடும் என்பதுபோல.

டாக்டரம்மா எழுந்து வந்து பாப்புவின் காலரை விலக்கினார். பின்கழுத்தில் வெல்வெட் துணிபோலக் கறுப்பாக ஒரு பட்டை.

"அது அழுக்கு. தோல் உரியத் தேய்ச்சுப் பாத்துட்டேன், போகலை. சோம்பேறிக் கழுதை, ஒழுங்கா குளிச்சாத்தானே?"

"அழுக்கில்லம்மா. உடம்புல சுரக்கற இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்காமப் போனா இப்படிக் கறுக்கும். இது வந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்."

ஒரு வருஷம் என்றதும் அம்மாவுக்குச் சுருக்கென்றது. போன வருஷம்தான் பள்ளிக்கூட நர்ஸ் ஒரு சீட்டு கொடுத்தனுப்பியிருந்தார். 'இடுப்புச் சுற்றளவு கூடுகிறது. இரத்தம் பரிசோதிக்கவும்.'

அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா இந்த ஸ்கர்ட்டைப் பாப்புவுக்குப் போட்டுப் பார்த்தாள். கொக்கி சிரமமில்லாமல் மாட்டியது. சீட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். "இது என்னிக்குப் பத்தலையோ அன்னியிலேர்ந்து உனக்கு ராத்திரிச் சாப்பாடு கட். கேட்டுக்கோ பூசணிக்கா" என்று ஓர் எச்சரிக்கையும் விட்டாள்.

அதற்குப் பிறகும் பத்தாமல் போனதே இல்லை. வாராவாரம் அம்மாதானே இஸ்திரி போடுகிறாள்! முன்பு மடிப்பு மடிப்பாகத் தேய்க்க அரை மணி நேரம் ஆகும். இப்போது கை பழகிவிட்டது, பத்தே நிமிஷம்.

"போன வருஷம் வந்திருந்தா, வரம்பு தாண்டறதுக்கு முன்னாடி பிடிச்சு நிறுத்தப் பாத்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "இப்ப தாண்டிடுச்சு. இனிமே தினம் மருந்து. கண்ணு, கிட்னி, கால் எல்லாத்தையும் வருஷா வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும். சின்ன வயசுல வர்ற சர்க்கரை பெரியவங்களுக்கு வர்ற மாதிரி நிதானமாப் போகாது. எடையைவிட இடுப்புதாம்மா முதல்ல காட்டிக் கொடுக்கும். எப்படிக் கவனிக்காம விட்டீங்க?"

அம்மாவின் கண்கள் நிறைந்தன. ஆனால் குரல் இறங்கவில்லை. "அதைத்தானே நானும் சொல்றேன்! இடுப்பு ஏறவே இல்லையே! இப்பவே அளந்து பாருங்க. முப்பதுக்கு மேல ஒரு நூல் இருந்தாலும் என்னை நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சுக் கேளுங்க."

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் இழுப்பறையைத் துழாவினார், டேப் கிடைக்கவில்லை. பார்வை அப்பாவின் கழுத்துக்குப் போனது.

"சார், அதைக் கொஞ்சம் குடுங்க."

பாப்பு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். அப்பாவைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினாள்.

"குடுங்களேன், என்ன யோசனை?" என்றாள் அம்மா. "நாமளா பொய் சொல்றோம்?"

அப்பா டேப்பைக் கொடுக்கவில்லை. மேசைக்கு வந்து ஸ்கர்ட்டைக் கையில் எடுத்தார். 30 என்ற சீட்டின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார்.

"அளக்க வேணாம் சிஸ்டர், முப்பத்தாறு" என்றார். "இனிமே பிரிச்சு விட உள்ளே துணி இல்லை."