சதுரத் தலை ஆணி

"ஆணி இல்லை. அப்போ இது என் மரமே இல்லை."

மில்லிலிருந்து அறுத்து வந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார் பட்டறைக்காரர். கட்டில், பீரோ, கதவு என்று செய்து விற்று, யார் தயவும் இல்லாமல் மேலே வந்த மனிதர். கோபத்துக்கு மட்டும் மூக்கு நுனியில் நிரந்தர வாசம்.

விஷயம் இதுதான். மரம் அறுக்கும் மில்காரர் நல்ல மரத்தை அமுக்கிக்கொண்டு மட்டமான மரத்தை அறுத்து அனுப்புகிறார் என்று அவருக்கு வெகுநாளாகச் சந்தேகம். கையும் களவுமாகப் பிடிக்க இந்தத் தடவை ஒரு வேலை செய்தார். பழைய கதவிலிருந்து பிடுங்கிய சதுரத் தலை ஆணி ஒன்றை மரத்துக்குள் ஆழமாக இறக்கினார். மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டையை அடைத்து, மேலே பட்டையையும் ஒட்டினார். ஆணி உள்ளே போனது அந்த மரத்துக்கே தெரிந்திருக்காது, அப்படி ஒரு நேர்த்தி.

மனைவி அப்போதே கேட்டாள். "ஏங்க, ஆணியில பட்டு அவரோட பிளேடு உடைஞ்சா?"

"என் மரத்தை அறுத்தாத்தானே உடையும்?"

இப்போது பலகைக் கணக்கு சரியாக இருக்கிறது. ஆணியும் இல்லை, ஆணி இருந்த தடமும் இல்லை. வேறென்ன சாட்சி வேண்டும்?

சின்ன அறுவை மிஷின் ஒன்றை விற்கப் பல நாளாகப் பின்னாலேயே அலைந்த ஏஜெண்டுக்குப் போன் போனது. போனை வைப்பதற்குள் ஆளே வந்துவிட்டார். பட்டறைக்காரர் விலையை அடித்துப் பேசி, உபரி பிளேடுகளையும் ஏற்றுகூலியையும் இலவசமாகப் பிடுங்கிக்கொண்டார். ஏஜெண்ட் வேர்வையைத் துடைத்தபடி பேனாவை நீட்டினார்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. இருப்பதே ஒரு ஷெட், அதை மிஷின் அடைத்துக்கொண்டால் செய்து முடித்த சாமானை எங்கே வைப்பது, பிளேடை யார் தீட்டுவது, எப்போதோ வருகிற மரத்துக்கு இவ்வளவு பெரிய பாரம் எதற்கு என்றெல்லாம் கேட்டுப் பார்த்தாள். கடைசியில், "டீ குடிக்கணும்னா மாடா வாங்குவாங்க?" என்றாள்.

"பால்காரன் தண்ணி ஊத்தினா மாடுதான் வாங்கணும்."

ஏஜெண்ட் பக்கம் திரும்பினார். "உட்காருங்க. அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டுட்டு வந்து கையெழுத்துப் போடறேன்."

கைகலப்பு ஆகிவிடக் கூடாதே என்று மனைவியும் வண்டியில் தொற்றிக்கொண்டாள்.

மில் வாசலில் எப்போதும் தொங்கும் போர்டு. 'மரத்தில் ஆணி இருந்து பிளேடு உடைந்தால் மரம் கொண்டுவந்தவரே பொறுப்பு.' அதை முறைத்துக்கொண்டே உள்ளே போனார்.

மில்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் காதுப் பஞ்சை எடுத்தார்.

"அண்ணே, இனிமே என் மரம் இங்க வராது. சொந்தமா மிஷின் வாங்கறேன். ஏன்னு கேளுங்க."

அவர் கேட்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாகக் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல சேதி தம்பி. என்னைக்கோ வாங்கியிருக்கணும் நீ. தங்கச்சியும் வந்திருக்கா, உட்காரும்மா."

வழியெல்லாம் கோத்து வைத்திருந்த நாலு வார்த்தையைப் பட்டறைக்காரர் அவிழ்க்கப் போனார். அதற்குள் மில்காரர் உள்ளே போய் ஒரு டப்பாவைக் குடைந்து, எதையோ எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

பாதி வரை வெட்டுப்பட்ட ஆணி. தலை சதுரம்.

"மிஷின் வாங்கினா முதல்ல இதுக்குத்தான் பயப்படணும். இந்தத் தடவை உன் மரத்துக்குள்ள இருந்துச்சு. தட்டித் தடவிப் பார்த்துத்தான் ஏத்தினேன், கண்ணுல படலை. புது பிளேடு, போச்சு. இதைத் தோண்டி எடுத்ததுல ஒரு பலகையும் பாழ். அதுக்குப் பதிலா என் சரக்குல ஒண்ணை வச்சு அனுப்பினேன்."

"சொல்லவே இல்லையேண்ணே."

"சொன்னா நீ சங்கடப்படுவே."

மனைவி மரத்தூள் குவியல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகை இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

பட்டறைக்காரர் ஆணி இருந்த கையை இறுக மூடிக்கொண்டார். "பிளேடுக்கு உண்டானதை நான் தந்துடறேன்ணே. அடுத்த மரமும் இங்கயேதான் வரும்."

"அப்போ மிஷின்?"

"இடம் பத்தாதுண்ணே. இவதான் வேணாம்கறா."

மில்காரர் அவர் முதுகில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்.

"பிளேடுக்குக் காசா? போ தம்பி. வாசல் போர்டெல்லாம் தெரிஞ்சே ஆணியோட கொண்டு வர்றவனுக்கு. மரத்துக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"