ஹார்ன் யூனிட்டின் கரகரப்பு

ஒரு பழைய ஒலிபெருக்கிப் பெட்டியில் கீழே தாளத்தை முழக்கும் பெரிய பாஸ் ஸ்பீக்கரும், அதற்கு மேலே பாட்டின் சொற்களைச் சொல்லும் ஹார்ன் யூனிட்டும் நாற்பது வருடங்களாகச் சேர்ந்து வாழ்ந்தன. "இவன் கரகரவென்று கத்துகிற கத்தலில் என் பாட்டே கெட்டுப்போகிறது" என்று பாஸ் நாள் தவறாமல் குறை சொல்லும்.

சொந்தக்காரர் செபஸ்தியானுக்கும் அந்தக் கரகரப்பு பிடிக்கவில்லை. ஒரு காலையில் பழைய யூனிட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஹார்னில் புதியதை மாட்டினார்.

பாட்டு ஓடியது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. கூடவே, அடியிலிருந்து கிழிந்த காகிதம் படபடக்கும் சத்தமும் வந்தது. அது தன் சத்தம்தான் என்று புரிய பாஸுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என் காகித விளிம்பு கிழிந்திருப்பது உனக்குத் தெரியுமா?" என்று மேஜைமேல் இருந்த பழைய யூனிட்டிடம் கேட்டது.

"பல வருடமாகத் தெரியும். நீ படபடக்கிற இடம் வந்தால், அது கேட்காதபடி நான் கரகரவென்று குரலை உயர்த்திக்கொள்வேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் நீ பயந்து பயந்து பாடியிருப்பாய்."

செபஸ்தியான் குனிந்து பாஸின் அருகில் காதை வைத்தார். புதிய யூனிட் தன் சொற்களை மட்டும் சுத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒளிந்துகொள்ள இடமில்லாமல், பாஸ் அந்தக் காதுக்குள்ளேயே தன் பங்கைப் பாடியது.