நுன்சியோவின் சொந்தக்காரர்கள்

“எல்லாரும் எங்க குடும்பந்தான் ஐயா,” என்றார் நுன்சியோ, கூச்சநாச்சம் இல்லாமல்.

ரோந்துப் படகிலிருந்து அந்த மீன்பிடிப் படகுக்குள் கால் வைத்த அதிகாரி விசின்தினுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பலகையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு தலையிலும் ஒரே மாதிரி வைக்கோல் தொப்பி, ஆறு மூக்கும் வெயிலில் வெந்து சிவந்திருந்தன. நடுவில் ஒரு ஐஸ் பெட்டி. குடும்பமாம்.

“ஜூன் மாசம் ஹாலந்துலேர்ந்து நாலு மச்சான் வந்தாங்க. ஜூலையில ஸ்வீடன்லேர்ந்து அஞ்சு சித்தி. இவங்க எந்த ஊரு?”

“மெல்போர்ன். இது என் தங்கச்சி கொன்செத்தா. பக்கத்துல அவ வீட்டுக்காரர். அப்புறம் மகன், மருமக, பேத்திங்க.”

நுன்சியோவுக்கு மீன் பிடிக்கத்தான் உரிமம். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. சொந்தக்காரர்களை ஏற்றினால் யாரும் கேட்க முடியாது. ஆகவே சுற்றுலா வந்தவர்களைக் காலையில் சொந்தக்காரர்களாக்கி மொர்தெல்லா தீவுக்குக் கூட்டிப்போய், சாயங்காலம் அந்நியர்களாக இறக்கிவிடுவது அவர் பிழைப்பு. இரண்டு தடவை மாட்டியாயிற்று. மூன்றாவது தடவை படகே போய்விடும்.

அது தெரிந்தும் மனுஷன் இப்படிப் புளுகுகிறாரே என்று விசின்தினுக்கு எரிச்சலாக வந்தது.

“ஐயா, அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டிருக்கு. மகளைப் பார்த்துட்டுத்தான் போவேன்னு உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கெடக்கு கெழவி. அதோ தீவு, கூப்பிடு தூரம். இவங்களை இறக்கிட்டு நானே படகைக் கொண்டாந்து உங்ககிட்ட ஒப்படைச்சுடறேன்.”

“போன மாசமும் உங்கம்மாவுக்கு மூச்சு இழுத்துச்சு. மறுவாரம் தீவுச் சந்தையில தக்காளி வித்துக்கிட்டிருந்தாங்க. நானே ரெண்டு கிலோ வாங்கினேன்.”

“அது பொய். இது நெசம்,” என்றார் நுன்சியோ பரிதாபமாக. ரோந்துப் படகை ஓட்டிவந்த உள்ளூர்க்காரன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

தங்கச்சி என்று காட்டிய அந்த அம்மாளிடம் விசின்தின் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். “இவர் உங்களுக்கு யாரு?”

“அண்ணன்.”

“உங்கம்மா பேரு?”

“அகத்தா.” தட்டுத்தடுமாறாமல் பதில் வந்தது.

“பாடம் நல்லாத்தான் நடத்தியிருக்கீங்க,” என்றார் விசின்தின் நுன்சியோவிடம். ஹாலந்து மச்சான்கள் பேர்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதியே வைத்திருந்தார்கள். “சரிம்மா, உங்க அண்ணி பேரு?”

அம்மாள் விழித்தாள். புருஷனைப் பார்த்தாள். “அண்ணியை நான் பார்த்ததே இல்ல,” என்றாள் மெல்ல.

சரியாகச் சொன்னால் சொல்லிக்கொடுத்தது, தெரியாவிட்டால் பொய். நுன்சியோ இரண்டு கையையும் விரித்தார். “ஏழு வயசுல சின்னம்மாவோட கப்பல் ஏறினவ ஐயா. எங்க பேச்சே அவளுக்கு மறந்துபோச்சு. நான் என்ன பண்ணுவேன்?”

பாஸ்போர்ட் கேட்டால் விடுதியில் இருக்கிறது என்றார்கள். சொந்தத் தங்கையை விடுதியில் தங்கவைப்பாரா என்று கேட்டால், ராத்திரி கடல் சரியில்லை என்றார் நுன்சியோ. அம்மாளின் கைப்பையில் ஓட்டுநர் உரிமம் மட்டும் இருந்தது. குடும்பப் பெயர் வேறு.

“நம்ம நாட்டுல கல்யாணமானாலும் பொண்ணுக்குப் பொறந்த வீட்டுப் பேருதானே?”

“அங்க மாத்திக்கறாங்க ஐயா.”

“எல்லாத்துக்கும் ஒரு பதில்.” விசின்தின் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். தண்ணீர், ரொட்டி, நாலு பீச் பழம். தீவுக்குக் குளிக்கப் போகிறவர்கள் ஆறு பேரிடமும் ஒரு துண்டுகூட இல்லை. இதுவும் ஏதோ புதுத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு பறிமுதல் தாளை எழுத ஆரம்பித்தார்.

“என் படகை எடுத்துக்குங்க. நான் வேணாங்கல,” என்றார் நுன்சியோ. “இவளை மட்டும் உங்க படகுல ஏத்தி அந்தக் கரையில விட்டுடுங்க. பத்து நிமிஷம் ஐயா.”

“இது டாக்சி இல்ல. ஏறின துறைமுகத்துலதான் இறக்கணும், அதான் விதி. மூணு மணிக்குக் கப்பல் இருக்கு, டிக்கெட் வாங்கிக்கிட்டுப் போகட்டும்.”

“மூணு மணி வரைக்கும் தாங்காதே ஐயா.”

விசின்தின் கையெழுத்துப் போட்டார். கயிறு கட்டியாயிற்று. ரோந்துப் படகு இழுக்க, நுன்சியோவின் படகு திரும்பியது. விசின்தின் காவலுக்கு அதிலேயே நின்றுகொண்டார். நுன்சியோ சுக்கானைத் தொடக்கூட அனுமதி இல்லாமல் தங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆறு பேரும் பின்னால் விலகிப்போகும் தீவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நடிகர்கள் என்று விசின்தின் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

அப்போது தீவிலிருந்து கோயில் மணி கேட்டது. ஒன்று அடித்து, வெகுநேரம் கழித்து இன்னொன்று அடித்தது.

முன்னால் போன உள்ளூர்க்காரன் வேகத்தைக் குறைத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். “சாவு மணி. ஆம்பளைக்கு மூணு, பொம்பளைக்கு ரெண்டு,” என்று விசின்தினுக்குச் சொன்னான்.

மூன்றாவது மணிக்காக விசின்தின் காத்திருந்தார். அது வரவில்லை.

அந்த அம்மாள் தொப்பியைக் கழற்றினாள். நுன்சியோவின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். அவள் வாயிலிருந்து வந்தது ஆங்கிலம் இல்லை. மொர்தெல்லாவில் மட்டும் பேசுகிற பேச்சு, அதுவும் ஏழு வயதுக் குழந்தை பேசுகிற மாதிரி.

“அண்ணா, நம்ம அம்மாவுக்கா அடிக்கிறாங்க?”