முன் இருக்கை

சத்தியபாமா முன்கதவைத் திறந்தாள். உள்ளே இருக்கை இல்லை.

வெறும் தரை. கறுப்பு ரப்பர் விரித்து, நடுவில் இரும்புப் பூட்டு ஒன்றைப் பதித்திருந்தார்கள்.

ஓட்டுகிற பக்கம் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மகள் தர்சினிக்குப் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியோடு சரிவுப் பலகையில் ஏறி, ஸ்டியரிங்குக்கு முன்னால் போய்ப் பூட்டிக்கொண்டு, கைகளாலேயே ஓட்டுவாள். இப்போதும் ஏறி அங்கேதான் இருந்தாள்.

ஆனால் பக்கத்து இருக்கை சத்தியபாமாவுடையது. இந்த வான் மெல்பேர்னில் மல்கிரேவ் வீட்டு வாசலுக்கு வந்து சேர அவள் நடந்த நடையெல்லாம் அந்த இருக்கைக்காகத்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் அரசாங்கத்தின் என்.டி.ஐ.எஸ்.காரர் வாகனம் வாங்கித் தரமாட்டார்கள். சரிவுப் பலகைக்கும் கையால் ஓட்டும் கருவிகளுக்கும்தான் காசு. அதற்கே எத்தனை பரிசோதனை, எத்தனை கூட்டம். வானைத் தர்சினி தன் பெயரில், தன் சம்பளத்தில் லீஸுக்கு எடுத்தாள். அவளுக்கு நகரக் கவுன்சிலில் போன் எடுக்கும் வேலை.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் சத்தியபாமா கூடவே போனாள். இந்தப் பிள்ளையைத் தூக்கிக் காருக்குள் இருத்தி இருத்தித் தன் முதுகு போன கதையை, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னாள்.

வானைக் கொண்டுவந்த வெள்ளைக்காரப் பெண் வாசலில் நின்றாள். முன் இருக்கையைப் பொருத்த மறந்துவிட்டீர்கள் என்று சத்தியபாமா அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் தர்சினியைப் பார்த்தாள்.

“மிஸ்டேக் இல்லை அம்மா. நான்தான் கழட்டச் சொன்னனான். அதிலை இன்னொரு வீல்செயர் ஏறவேணும். அந்தப் பக்கத்துக்கு என்.டி.ஐ.எஸ். காசு தராது, நான் லீஸோடை சேர்த்துப் போட்டனான்.”

சத்தியபாமா தரையிலிருந்த அந்தப் பூட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளைக்கு யாரோ இருக்கிறான். அவனும் நடக்கமாட்டாதவன். இருபத்தாறு வயதில் இருக்காதா பின்னே.

பயமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. பெயர் என்ன, எந்த ஊர், தாய் தகப்பன் யார் என்று கேள்விகள் வாய்வரைக்கும் வந்துவிட்டன.

“ஆர் பிள்ளை அது?” என்று மட்டும் கேட்டாள்.

தர்சினி கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“ஸ்ட்ராத்ஃபீல்டிலை ஒரு நேர்சிங் ஹோமிலை இருக்கிறார். ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் வழங்காது. கடலைப் பார்க்க ஆசையாம். வாற கிழமை சிட்னிக்குப் போய்க் கூட்டிக்கொண்டு போகப்போறன்.”



மெல்பேர்னில் சத்தியபாமா யாரிடமும் ஸ்ட்ராத்ஃபீல்டின் பெயரைச் சொன்னதில்லை. பெற்ற பிள்ளையிடம்கூட.

தர்சினிக்கு நான்கு வயதாக இருந்தபோது, ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு மாடி வீட்டில், “இந்தப் பிள்ளையைத் தூக்கித் தூக்கி என்னாலை சீவிக்க ஏலாது” என்று சொல்லிவிட்டு கணவர் வரதராஜா படியிறங்கிப் போனார். திரும்பி வரவில்லை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெல்பேர்ன் பஸ் ஏறினாள்.

இங்கே முதன்முதலில் தேநீர் தந்த வீட்டில், அவர் எங்கே என்று கேட்டார்கள். “மோசம் போயிட்டார்” என்றாள், செத்துவிட்டார் என்ற அர்த்தத்தில்.

அந்த நேரத்து வெட்கத்துக்குச் சொன்னது. பிறகு கோயிலில், பள்ளிக்கூடத்தில், கடைசியில் பிள்ளையிடம் என்று எங்கும் அதையே சொல்லவேண்டி வந்தது. நெற்றிப் பொட்டையும் அன்றோடு விட்டாள்.

சத்தியபாமா வானைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்தப்போனாள். வெள்ளைக்காரப் பெண் ஓடிவந்து பிடித்து, பக்கக் கதவை இழுத்துத் திறந்து, அவளைப் பின் இருக்கையில் இருத்தினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். சத்தியபாமாவுக்கு அது காதில் விழவில்லை.

“எப்ப தொடக்கம் தெரியும்?”

“இரண்டு வருசமா. அவர்தான் என்னைத் தேடிப் பிடிச்சவர். போனிலை கதைக்கிறனாங்கள்.”

“அவர் என்ன செய்தவர் எண்டு தெரியுமோ உனக்கு?”

“ஓம். அதையும் அவர்தான் சொன்னவர்.”

கண்ணாடிக்குள் மகளின் கண்கள் தெரிந்தன. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சத்தியபாமாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அழுதாவது தீர்த்திருப்பாள்.

இரண்டு வருசம். அந்தச் சொல் அவளுக்குள் எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்றது.

போன மாதம்தான் ஆடி அமாவாசை. செத்துப்போன தகப்பனுக்காகப் பிள்ளைகள் விரதம் பிடிக்கும் நாள். சின்ன வயதிலிருந்து தாய் பழக்கியபடியே, அன்றைக்கும் தர்சினி பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். மத்தியானம் இலையில் படைத்து, வரதராஜாவின் படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டில் கை வைத்தாள்.

போன வருடமும் அப்படித்தான்.

“அப்ப ஏன் விரதம் பிடிச்சனி?” சத்தியபாமா கேட்டாள்.

தர்சினி வானை ஸ்டார்ட் பண்ணினாள்.

“நீங்கள் விடியவெள்ளண எழும்பி, எல்லாம் சமைச்சு வைச்சிருந்தனீங்கள் அம்மா.”