பதின்மூன்று தசம் ஆறு

குடுவை கழுவும் இன்பமலரை ஏதோ சாட்டுச் சொல்லிக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டு நப்லா திரும்பியபோது, மேர்வினின் முகம் வெளுத்திருந்தது.

"அவ இல்லாம வேலை ஓடாதோ சேர்?"

கேலி மாதிரித்தான் கேட்டாள். ஆனால் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஓடும் மிஸ். ஏன் ஓடாது?" என்றார் மேர்வின்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அந்த மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக அவர்தான் ஆய்வுகூடப் பொறுப்பாளர். மீன் ஊறப்போடும் வினாகிரியில் நூற்றுக்கு நான்கு வீதம் அமிலமாவது இருக்க வேண்டும். குறைந்தால் மீன் பழுதாகும், தின்றவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். வினாகிரிப் பீப்பாவை ஏற்பதும் திருப்புவதும் மேர்வின் எழுதும் ஓர் எண்ணில் இருந்தது.

அவர் தண்ணீர் கலந்த பீப்பாக்களை உள்ளே விடுகிறார் என்று பெயர் போடாத கடிதம் ஒன்று கொழும்புக்குப் போயிருந்தது. நப்லாவைத் தலைமையகம் அனுப்பியது அதற்காகத்தான்.

மூன்று நாளாக அவள் கவனித்து வந்தாள். சோதனை தொடங்கும்போது மேர்வின் கதவைச் சாத்துவார். உள்ளே இன்பமலரும் இருப்பாள். கழுவுகிற தொட்டியோ வெளியே இருந்தது. கதவுக் கண்ணாடியில் இரண்டு தலைகள் ஒரே குடுவைக்கு மேல் குனிந்திருப்பது தெரியும்.

முதலில் நப்லா வேறு மாதிரி நினைத்தாள். அன்புவழிபுரத்தில் இன்பமலருக்குப் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதை விசாரித்து வைத்துக்கொண்டாள்.

பிறகு, எடுத்து வைத்திருந்த பழைய மாதிரிகளை யாருக்கும் சொல்லாமல் தானே சோதித்துப் பார்த்தாள். மேர்வின் எழுதிய எண்கள் சரியாக இருந்தன. இரண்டாம் தசமம் வரை சரி.

அது அவளை இன்னும் குடைந்தது. கணக்கு நேர் என்றால் கதவை ஏன் சாத்த வேண்டும்?

இன்று ஒரு புது வியாபாரியின் பீப்பா வந்திருந்தது. மேர்வின் பத்து மில்லிலீற்றர் வினாகிரியைக் குடுவையில் விட்டு, நிறங்காட்டியில் இரண்டு துளி சேர்த்தார். மேலே நீண்ட கண்ணாடி அளவி நிறையக் காரம். திருகைத் திறந்தார்.

காரம் சொட்டச் சொட்ட அமிலம் தீர்ந்துகொண்டே வரும். முற்றாகத் தீருகிற அந்தத் துளியில், நிறமில்லாத குடுவை மெல்லிய இளஞ்சிவப்பாக மாறும். அங்கே நிறுத்த வேண்டும். அவர்கள் பாவிக்கிற காரத்தில் ஒரு மில்லிலீற்றருக்குத் தசம் மூன்று வீதம் கணக்கு. நல்ல வினாகிரி பதின்மூன்றைத் தாண்டித்தான் நிறம் காட்டும்.

பதினொன்று தசம் ஒன்பதில் குடுவை சிவந்தது.

மேர்வின் நிறுத்தவில்லை.

பன்னிரண்டு. பதின்மூன்று. குடுவை கடும் ரோஸ் சர்பத்தாகிவிட்டது. அவர் அளவியின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதின்மூன்று தசம் ஆறில் திருகை மூடி, பென்சிலை எடுத்தார். பதின்மூன்று தசம் ஆறைத் தசம் மூன்றால் பெருக்க, நான்கு தசம் பூச்சியம் எட்டு. ஏற்கலாம்.

நப்லா அந்த எண்ணையும் குடுவையையும் மாறிமாறிப் பார்த்தாள். அகப்பட்டுவிட்டார். அதுவும் அவள் கண்ணெதிரில், கொஞ்சமும் கூசாமல்.

"எப்ப சேர் நிறம் மாறினது?"

"இப்பத்தான் மிஸ். அதுதானே நிப்பாட்டினனான்."

சொல்லிவிட்டுக் குடுவையை யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். தண்ணீரில் தூசி தேடுகிற ஆளைப் போல உற்றுப் பார்த்தார்.

"கூடிப்போச்சுதோ, மிஸ்?" என்றார் மெதுவாக.

நப்லா பதில் சொல்வதற்குள் வாசலில் மூச்சிரைக்க இன்பமலர் வந்து நின்றாள்.

"சேருக்கு அந்த நிறம் தெரியாது மிஸ். பதினொரு வருஷமா நான்தான் பார்த்துச் சொல்லுறனான்."

மேர்வின் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஓம். நல்லாக் கறுத்தா மட்டும் ஒரு சாம்பல் மாதிரித் தெரியும். இண்டைக்குக் குத்துமதிப்பாத்தான் நிப்பாட்டினனான். சொன்னா வேலை தரமாட்டினம் எண்டு சொல்லாமலே வந்தனான். எழுதுங்கோ மிஸ். ஒளிச்சு ஒளிச்சு எனக்கும் ஏலாது."

நப்லா கொப்பியைப் பார்த்தாள். பதினொரு வருடத்து எண்கள். அவள் சோதித்தவற்றில் ஒன்றுகூடப் பிழையில்லை. பிழையான எண் இன்றைக்குத்தான் விழுந்திருந்தது. அதை வரவழைத்தவள் அவளேதான்.

"புதுசா ஒண்டு எடுங்கோ சேர். இன்பமலர், நீங்களும் வாங்கோ."

இம்முறை மூன்று தசம் ஐந்து ஏழு வீதம். பீப்பா மத்தியானத்துக்கு முன்பே திரும்பிப் போயிற்று.

பிறகு நப்லா அறிக்கை எழுத உட்கார்ந்தாள். மேர்வினின் கண்ணைப் பற்றி எழுதினாள். அதை மறைக்க அவளால் ஏலாது. அதற்குக் கீழே இரண்டு வரி எழுதி, நடுவில் ஓரிடத்தை வெறுமையாக விட்டு, நிமிர்ந்தாள்.

"உங்கட முழுப் பேர் என்ன?"

ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி இன்பமலர் கேட்டாள். "என்னையும் நிப்பாட்டப் போறீங்களோ மிஸ்?"

நப்லா கடதாசியை அவள் பக்கம் திருப்பினாள்.

'இச்சோதனையைச் செய்ய இருவர் தேவை. இரண்டாமவர் பதினொரு வருடமாக இப்பணியைப் பிழையின்றிச் செய்து வருகிறார். __________ என்பவரை ஆய்வுகூட உதவியாளராக நியமிக்கவும்.'

வெறுமையாக இருந்த இடத்தில் இன்பமலர் தன் முழுப் பெயரைத் தானே எழுதினாள்.