இளந்தாரி இல்லாத வீடு

“கீழை பேஸ்மன்ற் அறை சும்மாதானே கிடக்குது? பத்து நாள் அந்தப் பெடியன் படுத்திட்டுப் போனால் எங்களுக்கு என்ன குறைஞ்சு போயிடும்?”

ரதி இதைக் கேட்டது அன்றைக்கு மூன்றாவது தரம். குலசிங்கம் தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று மேசையில் வைத்தார்.

“விசர்க் கதை கதைக்காதையும். ஞாயிற்றுக்கிழமை எங்கட பிள்ளையைப் பாக்க ஒஷாவாவில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினம். கீழை இருந்து ஒரு வெள்ளைக்கார இளந்தாரி சேட்டும் போடாமல் ஏறி வந்தானெண்டால், ஆரெண்டு நீரே விளக்கம் சொல்லும்!”

ரதி அதை நினைத்துப் பார்த்தாள்.

அந்த வெள்ளைக்கார இளந்தாரியின் பெயர் டாரியோ. போன வருசம் மகள் கௌசி கம்பஸ் மூலம் இத்தாலிக்குப் போய், பெரூஜா என்ற ஊரில் ஒரு குடும்பத்தோடு நாலு மாதம் தங்கிப் படித்தாள். அந்த வீட்டு மகன்தான் இவன். கௌசி காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கிழமை சூப் வைத்துப் பருக்கியது இவனுடைய தாய். பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படும்போது, “நீங்களும் எங்கட வீட்டுக்கு வரவேணும்” என்று கௌசி வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தாள். குலசிங்கமும் ரெலிபோனில் அதையே சொன்னவர்தான். அந்தப் பெடியன் உண்மையாகவே ரிக்கற் போட்டு, அதுவும் கனடாவின் பெப்ரவரிக் குளிரில், வந்து இறங்குவான் என்று ஆர் கண்டது?

“அப்பா, நான்தானே அவனை வரச்சொன்னனான். நாளைக்கு வந்து நிக்கப் போறான். திஸ் இஸ் நொட் ஃபெயர்!” என்றாள் கௌசி.

“உன்னை அனுப்பேக்க நான் என்ன சொன்னனான்? இளந்தாரி இருக்கிற வீட்டில என்ர பிள்ளை தங்கக் கூடாதெண்டு கம்பஸுக்குக் கடிதமே எழுதினனான். இப்ப நானே ஒருத்தனைக் கூட்டிவந்து வீட்டுக்குள்ள வைக்கிறதோ?”

“டாரியோ அப்ப வேற இடத்தில வேலை. வீட்டிலயே இருக்கேல்லை.”

“அதாலதான் அனுப்பினனான். கதை முடிஞ்சுது.”

அடுத்த நாள் பின்னேரம் டாரியோ வந்தான். நல்ல உயரமான நெடுவல். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். இடியப்பத்துக்கு ரதி வைத்த இறைச்சிக் கறி உறைத்துக் கண்ணால் தண்ணீர் ஓட, கண்ணைத் துடைத்துத் துடைத்து இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான்.

அதற்குப் பிறகு குலசிங்கம் தொண்டையைச் செருமினார்.

“டாரியோ, பேஸ்மன்ற்... வாட்டர் லீக். பிக் ப்ரொப்ளம். நான் கிங்ஸ்ரன் ரோட்டில மோட்டல் ஒண்டு புக் பண்ணியிருக்கிறன்.”

கௌசி பல்லைக் கடித்துக்கொண்டு அதை இத்தாலியனில் சொன்னாள்.

அவன் முகம் வாடுமென்று ரதி பார்த்தாள். எங்கே? அவன் துள்ளி எழும்பி, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினான்.

“தனக்குப் பைப் வேலை தெரியுமாம், இப்பவே பாக்கட்டோ எண்டு கேக்கிறான்” என்றாள் கௌசி.

குலசிங்கம் ஓடிப்போய் பேஸ்மன்ற் படி வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “நோ, நோ! நாளைக்கு ஆள் வருகுது!”

ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகாத பேஸ்மன்ற்! ‘விடுங்கோ, பெடியன் இஞ்சையே படுக்கட்டும்’ என்று சொல்ல ரதிக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஒஷாவா ஆட்களை நினைத்து விழுங்கிவிட்டாள். அவன் அவளுடைய கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கினான். சீ, நானும் ஒரு மனுசியா என்று இருந்தது அவளுக்கு.

விடியக் காலமை ரெலிபோன் அடித்தது. கௌசி எடுத்தாள். டாரியோவின் தாய்.

“குளிக்கிறானெண்டு சொல்லு” என்று குலசிங்கம் சேவ் எடுத்த முகத்தோடு வந்து குசுகுசுத்தார். கௌசி அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் மனுசி கலகலவென்று கதைத்துக்கொண்டே போனா. கேட்கக் கேட்கக் கௌசியின் முகம் செத்துப்போனது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

“என்னவாம்? தாங்ஸ் சொல்லுறாவோ?” என்றார் குலசிங்கம்.

“ஓம், டாரியோவை எங்கட வீட்டில வைச்சிருக்கிறதுக்கு. அதாலதான் இவ்வளவு நாள் மறைச்சதை இப்ப சொல்லுறா. அப்பா, நீங்கள் எழுதின கடிதத்தைக் கம்பஸ் அவைக்கு அனுப்பியிருக்கு. என்னை வேண்டாமெண்டு சொல்ல மனம் வரேல்லையாம். அதால மகனை வெளியில அனுப்பினவையாம். எனக்குத் தெரிஞ்சால் கவலைப்படுவன் எண்டு, வேலைக்குப் போயிட்டான் எண்டு சொன்னவையாம்.”

குலசிங்கம் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

“வெளியில எண்டால் எங்கை, பிள்ளை?” என்றாள் ரதி.

“மாமன்ர பேக்கரிக்குப் பின்னால. மா மூட்டையளுக்குப் பக்கத்தில நாலு மாதமும் நிலத்தில படுத்தவனாம்.”

ரெலிபோனுக்குள் அந்த மனுசி “அலோ, அலோ” என்று கூப்பிட்டது மூன்று பேருக்கும் கேட்டது.

கௌசி ரிசீவரைத் தகப்பனிடம் நீட்டினாள்.

“உங்கட வீட்டில முதல் நாள் ராத்திரி பிள்ளை வடிவா நித்திரை கொண்டானோ எண்டு கேக்கிறா. என்ன சொல்ல, அப்பா?”